குங்கிலியம் அடைத்த பறக்கும் படகு

1

இந்த ஊரில் வாரத்துக்கு ஒரு நாள்தான் என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதுவும் பாதிப் பெயர். அருளப்பன் என்பது இவர்கள் வாயில் நுழையவில்லை, 'ஆல்' என்று நறுக்கிவிட்டார்கள். மற்ற ஆறு நாளும் தபால்காரர் கையை ஆட்டுவார். ரொட்டிக் கடைப் பெண் வருகிறவர்கள் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி என்னையும் 'கண்ணு' என்பாள். மகன் ஜெரோம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வான். அவ்வளவுதான் என் பேச்சு வார்த்தை.

மனைவி ரோஸ்மேரி போய் ஆறு வருஷமாகிறது. அவள் இருந்தவரை வீட்டில் தமிழ் இருந்தது. இப்போது நானே எதையாவது கீழே போட்டால் நானே திட்டிக்கொள்கிறேனே, அது ஒன்றுதான் இந்த வீட்டில் கேட்கிற தமிழ்.

இந்த மாதத்தோடு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து முப்பது வருஷம். ரோஸ்மேரி நர்ஸ் வேலைக்கு வந்தாள். நான் அவளுடைய பெட்டி படுக்கைகளில் ஒன்றாக வந்தேன் என்று அவளே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். முப்பது வருஷத்தைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு ஏதாவது எழுது என்று நண்பர்கள் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் முப்பது வருஷம் வரவில்லை. போன மாதம் ஒரு பழைய விமானத்தின் வயிற்றுக்குள் பார்த்த பழுப்புப் பசைதான் வருகிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

2

சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய கொட்டகைக்குப் போவேன். ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கிய விமானங்களை அங்கே பழுதுபார்த்து, பழையபடி வர்ணமடித்து, அருங்காட்சியகத்தில் நிறுத்துகிறார்கள். செய்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழங்கட்டைகள், என்னையும் சேர்த்து. சம்பளம் கிடையாது. தேநீர் உண்டு, அதுவும் நம் ஊர் நாக்குக்குக் கழுநீர் மாதிரி இருக்கும்.

"பறக்கவே போகாத விமானத்துக்கு எதுக்கு டாட் இவ்வளவு ஆணி?" என்று ஜெரோம் ஒருமுறை கேட்டான். நியாயமான கேள்விதான். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவரிலா ஆணி அடிக்க முடியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

எங்களுக்குத் தலைவர் டெரிக். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். கோபம் வந்தால் காது சிவக்கும், ஆனால் நல்ல மனுஷர். காகிதம், கடிதம், பழைய ஆவணம் எல்லாம் மார்கரெட் பொறுப்பு. பள்ளிக்கூட நூலகத்தில் இருந்த அம்மாள் அவர். அரசாங்க ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதிலுக்கு வருஷக்கணக்கில் பொறுமையாகக் காத்திருக்கக் கூடியவர்.

நான் அங்கே போகக் காரணம் நூலகத்தில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ். அதில் ஒரு பறக்கும் படகின் படம். கீழே படகு, மேலே இறக்கை. தண்ணீரிலிருந்தே எழும்பும், தண்ணீரிலேயே இறங்கும். 'யுத்தத்தின்போது கிழக்கு நாடுகளில் இருந்தது, பழுதுபார்க்க ஆட்கள் தேவை' என்று போட்டிருந்தது. நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. நூலகப் பெண் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

சேரும்போது படிவம் ஒன்று கொடுத்தார்கள். இந்த நாட்டில் படிவம் இல்லாமல் தும்மக்கூட முடியாது. 'விமான வேலையில் முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அது பொய். 'ஆபத்தென்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்' என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். டெரிக் திருப்பிக் கொடுத்தார். ஜெரோமின் பெயரை எழுதினேன். அவன் இருக்கும் ஊர் ரயிலில் ஐந்து மணி நேரம். எனக்கு ஏதாவது ஆனால் ஐந்து மணி நேரம் சாகாமல் காத்திருக்க வேண்டும்.

3

நாற்பது வருஷத்துக்கு முந்தின உலக யுத்தத்தில் புழல் ஏரியில் வெள்ளைக்காரர்கள் பறக்கும் படகுகளை மிதக்கவிட்டிருந்தார்கள் என்று இன்று சொன்னால் எங்கள் ராயபுரத்திலேயே பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் நான் அங்கே வேலை பார்த்தேன். விடிந்ததும் டோல்கேட்டில் ராணுவ லாரி வந்து நிற்கும். ஏறிக்கொண்டால் ஏரிக்கரையில் இறக்கிவிடும்.

எனக்கு அப்போது இருபது வயது. அப்பா துறைமுகத்தில் சரக்குப் படகுகளுக்குக் கலப்பத்து அடிப்பவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. என்னைக் கோயில் பள்ளிக்கூடத்தில் போட்டார். அதனால் எனக்கு இங்கிலீஷ் வந்தது, அப்பாவின் தொழில் வரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த பழக்கம் மட்டும் உண்டு.

என் ஜோடி காதர். வண்ணாரப்பேட்டைக்காரன், தகர வேலை செய்யும் குடும்பம். அவனுக்கும் என் வயதுதான். ஆள் ஒல்லி என்பதால் விமானத்தின் வயிற்றுக்குள் நுழைவது அவன் வேலை. தகடுகளைச் சேர்க்கும் ஆணியை ஒருவன் வெளியே நின்று அடிக்க வேண்டும், இன்னொருவன் உள்ளே இரும்புக் கட்டியை அதன் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. நாளெல்லாம் நானும் அவனும் தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டே இருப்போம். என் வாழ்க்கையில் ரோஸ்மேரியிடம் பேசியதற்கு அடுத்தபடியாக அதிகம் பேசியது அவனிடம்தான்.

வேலை முடிந்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன செய்தோம், எந்தப் பசை போட்டோம் என்று. அதில் கையெழுத்து, உள்ளே இருந்தவனுடையதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தகடுகள் சேரும் மூட்டினை உள்ளேயிருந்து கண்ணால் பார்த்தவன் அவன்தானே. காதருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் எழுதுவேன், அவன் கீழே தமிழில் தன் பெயரைப் போடுவான். நான் என்ன எழுதினேன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் இங்கிலீஷ் எழுத்து உண்டு. எங்களிடம் அடிக்கடி வந்தது 'எம்'. நான் அதற்கு மேரி என்று பெயர் வைத்தேன். அவன் மரியம் என்றான். இதற்காக ஒருநாள் முழுக்க வாய்ச் சண்டை.

"ரெண்டும் ஒரே அம்மாதான்டா மாமு. இன்னாத்துக்கு சண்ட? மரியம்னே இர்ந்துட்டு போட்டும்" என்றான். அப்படியே இருந்துவிட்டுப் போனது.

4

நான்கு வருஷமாக இந்த ஊர்க் கொட்டகையில் நான் விமானத்துக்கு வெளியேதான் வேலை பார்த்தேன். உள்ளே போகச் சொன்னால் முழங்கால் வலி என்பேன். இந்த வருஷம் டெரிக்குக்குத் தோளில் ஆபரேஷன் ஆகி, குனிந்து நுழைய முடியாமல் போயிற்று. மற்றவர்களின் தொப்பை அந்த வாசலில் போகாது. ஒல்லியாக மிஞ்சியிருந்தது நான்தான்.

உள்ளே படுத்துக்கொண்டு இடதுபக்கத் தரைப் பலகைகளைக் கழற்றினேன். வெளியிலிருந்து டெரிக் தகட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் அமுக்கு, அப்படியே புடிச்சிக்கோ" என்று சத்தம் போட்டேன். டெரிக்கும் அமுக்கினார். இரண்டு ஆணி முடிந்த பிறகுதான் தமிழில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆணிக்கு இங்கிலீஷுக்கு மாறினேன்.

கடைசிப் பலகையைத் தூக்கியதும், அடித்தகட்டின் மூட்டில் ஒரு கை நீளத்துக்குப் பழுப்பாக ஏதோ இருந்தது. கல் மாதிரி இறுகி, நடுநடுவே நூல் தெரிந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டேன்.

"என்ன அது?" என்றார் டெரிக் வெளியிலிருந்து.

"ஏதோ பழைய பசை."

"தொழிற்சாலையில் போட்டதா?"

"இல்லை."

"அப்படியானால் சுரண்டி எடுத்துவிடுங்கள். புதிதாகப் போடலாம்."

இன்றைக்கு நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடுகளவு துணுக்கு ஒன்றை நகத்தால் பெயர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், ஒரு பழைய கரண்டியில் அதை வைத்து அடுப்பில் காட்டினேன். இளகிப் புகைந்தது. சமையலறை முழுக்கக் குங்கிலிய வாசனை. அப்பாவின் வேட்டியில் வருகிற வாசனை. நான் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் அழுவதில் ஒரு சௌகரியம், சத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

5

யுத்தம் முடிவதற்கு முந்தின மழைக்காலம். மரியத்தின் இடதுபக்க மூட்டில் கசிவு. உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அடைக்கிற பசை டின் காலி. அடுத்த டின் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நாளை மறுநாள் காலையில் விமானம் கிளம்பியாக வேண்டும் என்று எங்கள் வேலையை மேற்பார்க்கிற வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"உங்க நைனா படவுக்கு இன்னா போடறாரு?" என்று கேட்டது காதர்தான்.

"குங்கிலியம்."

"இதுவும் படவுதானே. றெக்க மொளச்ச படவு. எத்துகினு வா."

மறுநாள் நான் சாப்பாட்டு டப்பாவில் குங்கிலியமும், துணியில் சுற்றிப் பஞ்சுத் திரியும் கொண்டுபோனேன். சமையல் கொட்டகைக்குப் பின்னால் வைத்து எண்ணெயில் காய்ச்சினோம். காதர் உள்ளே படுத்துக்கொண்டு, தகர வேலைக்காரனுக்கே உரிய பொறுமையோடு, நூல் நூலாகத் திணித்து அடைத்தான். மத்தியானத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஷோக்கா கீது மாமு. எய்திக்கோ" என்றான்.

படிவத்தில் 'பயன்படுத்திய பசை' என்ற இடத்தில் பேனா நின்றது. குங்கிலியம் என்று எழுதினால் துரை என்ன சொல்வார்? ராணுவ விமானத்தில் மீன்படகுச் சாமானை அடைத்தீர்களா என்று எங்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார் என்று பயந்தேன். 'வழக்கமான பசை' என்று எழுதினேன். காதர் கீழே பெயரைப் போட்டான்.

விமானம் தூறலில் கிளம்பிப் போனது. உள்ளே ஒன்பது பேர். மூன்றாம் நாள், படகுத்துறையில் தொங்கிய கரும்பலகையில் 'எம்' என்ற எழுத்தைத் துடைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் இரண்டு எழுத்தை அப்படித் துடைத்ததைப் பார்த்திருக்கிறோம். இரண்டும் கடலில் விழுந்தவை. எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, கூலிகளுக்கு யார் சொல்வார்கள்? நாங்களே புரிந்துகொண்டோம். அன்றைக்குக் காதர் கொண்டுவந்த சோற்றைத் திறக்கவே இல்லை.

பத்து நாள் கழித்துத் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கையில் ஒரு தந்திக் காகிதம்.

"எம் விமானத்தின் இடது மூட்டில் என்ன போட்டீர்கள் என்று கேள்" என்றார் என்னிடம்.

நான் காதரிடம் சொன்னேன். அவன் நேராக நிமிர்ந்து நின்றான்.

"குங்கிலியம்னு சொல்லு மாமு. உள்ள இர்ந்து நான்தான் அடைச்சேன்னு சொல்லு. ஒம்போது பேரு பூட்டாங்க. மறைக்கக் கூடாது. சொல்லிடு."

நான் துரையைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னேன்: "வழக்கமான பசைதான் போட்டதாகச் சொல்கிறான், ஐயா."

துரை என்னை ஒரு தரம் பார்த்தார். காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, சரி போங்கள் என்றார்.

வெளியே வந்ததும் காதர் நின்றுவிட்டான். "அவன் திட்டல. அடிக்கல. வேலய வுட்டுத் தூக்கல. நீ இன்னா சொன்ன?"

நான் லாரி நிற்கிற பக்கம் நடக்கப் பார்த்தேன்.

"நான் சொன்னத சொல்லல நீ. அதானே?"

"உன்ன ஜெயில்ல போட்டிருப்பான் காதர்."

"போட்டா போட்டும். அது என்னுது. அத்த இன்னாத்துக்கு நீ எடுத்துகின?"

அடுத்த நாள் அவன் லாரிக்கு வரவில்லை. பிறகு எப்போதுமே வரவில்லை. யுத்தம் முடிந்தது. ஏரியில் மிச்சமிருந்த விமானங்களை அங்கேயே உடைத்துப் போட்டார்கள். நான் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். காதர் டோல்கேட் பக்கம் தகரக் கடை வைத்தான். பத்து வருஷத்துக்கு மேல் தினமும் நான் அந்தக் கடையைத் தாண்டி பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் அந்தப் பக்கம் உட்கார மாட்டேன். வேறு இடமில்லாமல் உட்கார்ந்த நாளில் அவன் பார்த்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் போய்ப் பார்த்தேன். டின் மூடிக்குத் தகரம் வெட்டிக்கொண்டிருந்தான். இங்கிலாந்துக்குப் போகிறேன் என்றேன். கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"அவங்க வூடுங்கல்லாம் அங்கதானே கீது" என்றான். "எங்கனாச்சும் அவங்க ஆளுங்கள பார்த்தின்னா சொல்லு. இந்த தபாவாச்சும் நான் சொன்னத சொல்லு."

முப்பது வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரைத் தேடிப் போய், என்னவென்று சொல்வது? ரோஸ்மேரிக்குக்கூடத் தெரியாது.

6

அடுத்த சனிக்கிழமை டெரிக்கிடம் அந்தப் பசையைச் சுரண்டக் கூடாது என்றேன். ஏன் என்றார். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் பொய் எழுதியது, துரையிடம் மாற்றிச் சொன்னது, சேரும்போது அனுபவம் இல்லை என்று எழுதியது வரைக்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் சுமந்ததைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதுவே எனக்கு அவமானமாக இருந்தது.

"ஆனால் விமானம் இங்கே இருக்கிறதே, ஆல்" என்றார் டெரிக். "முழுகியிருந்தால் எப்படி இங்கே இருக்கும்?"

"இது அதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்படி அடைத்தது நாங்கள் மட்டும்தானா? இலங்கையிலும் இப்படிப் பறக்கும் படகுகள் இருந்தன, அங்கேகூட யாராவது செய்திருக்கலாம்."

மார்கரெட் எழுந்து போனார். ஆவணக் காப்பகத்திலிருந்து போன வருஷமே வந்த நகல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. யாரும் முழுதாகப் படிக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். விமானத்தின் பராமரிப்புக் குறிப்பேட்டில் ஒரு பக்கம். எழுத்து எம். மதராஸ் ஏரியிலிருந்து மேற்கே வேறொரு தளத்துக்கு மாற்றம். ஒன்பது பேரும் பத்திரமாக இறங்கியிருக்கிறார்கள். வேறு இடத்துக்குப் போய்விட்டதால் எங்கள் பலகையில் எழுத்தைத் துடைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஏரியில் நின்றவை எல்லாம் உடைபட்டன, விட்டுப் போனது பிழைத்தது.

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் நான்கு வரி. நான் அவற்றை அத்தனை முறை படித்துவிட்டேன், பார்க்காமலே சொல்வேன். 'இடது மூட்டில் இன்னதென்று தெரியாத பசை. கசிவு சிறிதும் இல்லை. என்ன பொருள் என்று மதராஸுக்குத் தந்தி கொடுத்ததில், வழக்கமான பசை என்று பதில். அப்படித் தெரியவில்லை, கை வைக்க வேண்டாம்.'

துரை அன்றைக்குக் கேட்டது குற்றம் கண்டுபிடிக்க இல்லை. நன்றாக இருக்கிறதே, என்ன போட்டார்கள், நாமும் போடலாமே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் அது தண்டிக்கத்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஊறிப்போயிருந்தது. ஆனால் காதர் தண்டனைக்குத் தயாராக நின்றான். அவன் சொன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தால் துரை அந்த நிமிஷமே விஷயத்தைச் சொல்லியிருப்பார். என் பொய் மட்டும் நடுவில் நின்று, ஒரு மனுஷனை ஒன்பது பேரைக் கொன்றவனாக்கி அனுப்பிவிட்டது.

டெரிக் என் முதுகில் தட்டினார். "அப்படியானால் அது பாராட்டுதானே, ஆல்! சந்தோஷமான சமாச்சாரம்!" என்று சிரித்தார். அந்த மூட்டினை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டு, அடைத்தவர் பெயரை எழுதி வைக்கலாம் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். பெயரைக் கேட்டார்கள். காதர், வண்ணாரப்பேட்டை, மதராஸ் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கைதட்டினார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நான் நின்ற மாதிரி தனியாக என் வாழ்நாளில் எங்கேயும் நின்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெரோமிடம் சொன்னேன். முழுவதும் கேட்டான், பாவம். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே டாட், இனிமே கவலைப்படாதீங்க" என்று இங்கிலீஷில் சொன்னான். பிறகு முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். குங்கிலியம் என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. முழங்கால் பரவாயில்லை என்றேன்.

7

ராயபுரத்தில் என் தங்கை மகன் பிரான்சிஸ் இருக்கிறான். காதரைத் தேடிப் பார் என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார், கடையை மகன் பார்த்துக்கொள்கிறான், புதன்கிழமை சாயங்காலம் போன் கடைக்கு அழைத்து வருகிறேன், நீங்கள் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தான்.

இங்கே அது மத்தியானம். நான் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது, ஆனாலும் போட்டுக்கொண்டேன். பிரான்சிஸ் எடுத்தான். பிறகு ஒரு கரகரத்த குரல்.

"ஆரு?"

"காதரா? நான்தான், அருளப்பன்."



"ராயபுரத்து அருளப்பனா? இன்னும் கீறியா நீ?"

"கீறேன்" என்றேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் தானாக வந்தது. "காதர், மரியம் முழுகல."

"இன்னாது?"

"நம்ம மரியம். முழுகல. வேற ஊருக்குப் போயிருக்கு. இங்கதான் இப்போ கீது. நான் தொட்டுப் பார்த்தேன். நீ அடைச்சது அப்படியே கீது."

"ஒம்போது பேரு?"

"ஒம்போது பேரும் பத்திரமா எறங்கிட்டாங்க. காயிதத்துல எழுதிக்கீது."

"அந்தக் காயிதம் நீ எய்துனது இல்லியே?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"இல்ல காதர். வெள்ளக்காரன் எழுதினது."

"அப்பன்னா சர்தான்."

தந்தியைப் பற்றிச் சொன்னேன். துரை ஏன் கேட்டார் என்று சொன்னேன். நான் மாற்றிச் சொன்னதால்தான் இத்தனையும் என்று சொன்னேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். இதைச் சொல்வதற்கு நான்கு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன், ஆனாலும் குளறியது.  லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"காதர்?"

"கீறேன். கேட்டுகினுதான் கீறேன்." மூச்சு வாங்கினான். "வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம அவங்களுக்கு ஓதினுகீறேன் மாமு. அன்னிலேந்து. ஒரு வாரம் வுட்டதில்ல. காய்ச்சல்ல கெடந்தப்பகூட படுத்துகினே ஓதினேன். பேரு தெர்யாது, ஊரு தெர்யாது. மொத ஆளு, ரெண்டாவது ஆளுன்னு எண்ணி எண்ணி ஒம்போது பேருக்கும் தனித்தனியா. வூட்ல ஆரும் கேக்கல, நானும் சொல்லல. பொஞ்சாதி மவுத்தானதுக்கு அப்பால அவங்கதான் எனக்கு. அந்த கடேசி ஆளு சின்னப் பையனா இர்ப்பான்னு நானா நெனச்சிகினு அவனுக்கு மட்டும் கொஞ்சம் சாஸ்தியா ஓதுவேன்."

"எனக்காக ஓதினதா வெச்சுக்கோ காதர்."

"நீதான் இன்னும் சாவலியே" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை. பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது. "பொழச்சாங்களே, அது போதும். அல்லா பெரியவன். ஆனா நீ இத்த சொல்லு. வர்ற வெள்ளிக்கெயம நான் இன்னா பண்ணட்டும்?"

 பிரான்சிஸ் போனை வாங்கி, பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார் என்றான். நான் வைத்துவிட்டேன். நல்ல செய்தி ஒன்றைக் கொடுக்கிறேன் என்று கூப்பிட்டு, அந்த மனுஷனோடு நாற்பது வருஷம் இருந்த ஒன்பது பேரையும் ஒரே நிமிஷத்தில் அவனிடமிருந்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.